புல்வெட்டும் மெஷின்: பெட்ரோலா, பேட்டரியா? சேலத்திலும் ஏற்காட்டிலும் எது நாள்பட உழைக்கும்

கடைக்குப் போய் "எதுங்க நல்லா உழைக்கும்?" என்று கேட்டால் அன்றைக்குக் கடையில் எது ஸ்டாக் இருக்கிறதோ அதுதான் நல்லா உழைக்கும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, வியாபாரம். ஆனால் இரண்டாவது வருடம் அந்த மெஷின் கொட்டகை மூலையில் உரச் சாக்குக்கு நடுவில் கிடக்கும்போது பார்த்துக்கொண்டு நிற்கப் போவது நாம்தான். அதனால் கடைக்குப் போவதற்கு முன்னாலேயே வீட்டில் உட்கார்ந்து கொஞ்சம் கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்பித் தோட்டம், பாக்குத் தோப்பு, தென்னந்தோப்பு என்றால் பெட்ரோல், அதிலும் ஃபோர் ஸ்ட்ரோக் (பெட்ரோலில் ஆயில் கலக்கத் தேவையில்லாத வகை). வீட்டு முன்னால் இருக்கும் புல்தரை, நாலு அறை வைத்த ஹோம்ஸ்டே, சின்ன பள்ளிக்கூடத்துத் தோட்டம் என்றால் பேட்டரி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏற்காட்டுக் குளிர் பேட்டரிக்குத்தான் நல்லது, ஆனால் அங்கே இருக்கும் வேலை பெட்ரோலைக் கேட்கும். சேலத்தில் வீட்டுப் புல்தரைக்கு பேட்டரி போதும், ஆனால் சித்திரை வெயில் பேட்டரியைத் தின்றுவிடும். ஆக எதை வாங்கினாலும் ஊர் நமக்கு எதிராகத்தான் நிற்கிறது, அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் சமாளித்துவிடலாம்.

முதல் படி: வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?

மெஷினின் ஆயுளை வருடத்தில் அளக்காதீர்கள், ஓடும் மணி நேரத்தில் அளங்கள். இரண்டு சென்ட் புல்தரைக்கு, அதாவது 870 சதுர அடிக்கு, வாரத்துக்குக் கால் மணி நேரம் ஓட்டினால் போதும். மழை இல்லாத மாதங்களில் அதுவும் குறையும். வருடம் முழுக்கக் கூட்டினாலும் பத்து மணி நேரத்தைத் தாண்டுவது கஷ்டம்.

தோட்டம் அப்படி இல்லை. பிரஷ் கட்டரை, அதாவது நீளக் குழாயின் நுனியில் பிளேடு சுழலும் புல்வெட்டியை, தோளில் மாட்டிக்கொண்டு ஒரு ஆள் ஒரு நாளில் புல்லின் உயரத்தையும் சரிவையும் பொறுத்து அரை ஏக்கரிலிருந்து ஒரு ஏக்கர் வரை அடிப்பார். ஐந்து ஏக்கர் காப்பிக்கு மழைக்கு முன்னால் ஒரு தடவை, உரம் வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை, பழம் எடுக்கப் போகும் முன்னால் ஒரு தடவை என்று வைத்தாலே வருடத்துக்கு எண்பது, நூறு மணி நேரம் ஆகிவிடும். அதாவது வீட்டுப் புல்தரைக்காரர் பத்து வருடத்தில் ஓட்டுவதை எஸ்டேட்காரர் ஒரே வருடத்தில் ஓட்டிவிடுகிறார். "என் மச்சான் வீட்டில் ஏழு வருஷமா ஓடுது" என்று யாராவது சொன்னால், அவர் மச்சானுக்கு எத்தனை சென்ட் புல் என்று முதலில் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். காப்பிச் செடியின் சல்லி வேர்கள் மேல்மண்ணிலேயே ஓடுகின்றன, சரிவில் மண்ணைக் கொத்திவிட்டால் அடுத்த மழைக்கு அது பள்ளத்தாக்கில்தான் இருக்கும். அதனால்தான் இங்கே களையைக் கொத்தாமல் அறுத்து விடுகிறார்கள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பி கொண்டுவந்த காலத்திலிருந்து கத்தியால் செய்துவந்த வேலை இது. இப்போது ஆள் கிடைக்காததால் மெஷினிடம் வந்திருக்கிறது. அறுக்க வேண்டியதும் வெறும் புல் மட்டும் இல்லை, உண்ணிச்செடி, பார்த்தீனியம், பேர் தெரியாத கொடி, நடுவில் சில்வர் ஓக் கட்டை, பாறை. எதை வாங்குவது என்று யோசிக்கும்போது இந்தக் காட்சி கண் முன்னால் இருக்கட்டும். கடையில் ஓடும் விளம்பர வீடியோவில் வெட்டுவது பஞ்சு மாதிரி அருகம்புல்லைத்தான்.

இரண்டாம் படி: எது முதலில் சாகும், அதை யார் சரி செய்வார்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். எந்த மெஷினும் ஒரே நாளில் மொத்தமாகச் சாவதில்லை, ஏதோ ஒரு பாகம் முதலில் போகும். அந்தப் பாகம் என்ன விலை, சேலத்தில் கிடைக்குமா, அதை மாற்றத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் உங்களுக்கு எது நாள்பட உழைக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

பெட்ரோல் மெஷினில் பெரும்பாலும் முதலில் மக்கர் பண்ணுவது கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் பாகம். அப்புறம் ஸ்டார்ட்டர் கயிறு, பெட்ரோல் டியூப், கிளட்ச், குழாய் நுனியில் பிளேடைச் சுழற்றும் கியர் ஹெட். இவை எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. சந்தையில் ஓடும் சாதாரண பிரஷ் கட்டர்களில் குழாய் 26 அல்லது 28 மில்லிமீட்டர், உள்ளே இருக்கும் ராடின் நுனியில் ஏழு அல்லது ஒன்பது பல், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கம்பெனி கியர் ஹெட் கிடைக்காவிட்டால் அளவு பொருந்தும் இன்னொன்றை மாட்டி ஓட்டிவிடலாம். ஸ்கூட்டர் மெக்கானிக்குக்குக் கூட டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பாதி வேலை தெரிந்திருக்கும்.

பேட்டரி மெஷினில் மோட்டார் போகவே போகாது என்று சொல்லலாம். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாராக இருந்தால் தேய்வதற்கு உள்ளே பேரிங்கைத் தவிர வேறு ஒன்றும் பெரிதாக இல்லை. போவது பேட்டரியும் எலெக்ட்ரானிக் போர்டும். பேட்டரி விலை பல மாடல்களில் மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வந்து நிற்கும். போர்டு போனால் அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு யாரும் கை வைக்க முடியாது. ஐந்து வருடம் கழித்து அந்த மாடலுக்குப் பேட்டரி வருவது நின்றுவிட்டால் நன்றாக ஓடும் மோட்டாரோடு மெஷினைக் காயலான் கடையில் போட வேண்டியதுதான்.

அதனால் பேட்டரி வாங்குபவர் மெஷினைவிடப் பேட்டரியைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். டிரில்லிங் மெஷின், கிரைண்டர், ரம்பம், மருந்தடிக்கும் மெஷின் என்று ஒரே பேட்டரியில் நிறைய கருவி ஓடுகிற கம்பெனியாகப் பாருங்கள். கார்பென்டர்களும் வெல்டிங் பட்டறைக்காரர்களும் அதையே வாங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பேட்டரி அவ்வளவு சீக்கிரம் சந்தையை விட்டுப் போகாது. புல்வெட்டிக்கு மட்டும் என்று தனியாக வரும் பேட்டரியை நான் தொட மாட்டேன்.

மூன்றாம் படி: மலையில் பெட்ரோல் இன்ஜின் மூச்சு வாங்குவதைக் கணக்கில் எடுங்கள்

சேலம் டவுன் கடல் மட்டத்துக்கு மேலே 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது நமக்குக் காது அடைக்கிறது, இன்ஜினுக்குக் காற்று குறைகிறது. சின்ன இன்ஜின் தயாரிக்கும் கம்பெனிகள் தங்கள் கையேட்டிலேயே 300 மீட்டருக்கு 3.5 சதவீதம் பவர் குறையும் என்று போட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஏற்காட்டில் ஆறில் ஒரு பங்கு பவர் காணாமல் போயிருக்கும். இது இன்ஜின் கோளாறு இல்லை. கீழே 26 சிசி போதும் என்று தோன்றுகிற இடத்தில் மேலே 35 சிசி எடுப்பது இதனால்தான்.

பவர் குறைவதைவிட மோசமானது ஒன்று உண்டு. காற்று குறைந்தாலும் கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலைத்தான் விடும், அதனால் கலவையில் பெட்ரோல் கூடிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், நுனியில் ஈரமான கரி படிந்திருக்கும். சைலன்சர் வாயில் இருக்கும் சின்னக் கம்பி வலையும் கரியால் அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் மெஷின் முனகும், வேகம் எடுக்காது. அந்த வலையைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினால் பாதிப் பேருக்கு மெஷின் புதுசு போல ஓடத் தொடங்கிவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. மேலே வைத்து நன்றாக ஓடும்படி கார்புரேட்டர் திருகைத் திருப்பிவிட்டு, அதே மெஷினைக் கீழே வாழப்பாடிப் பாக்குத் தோப்புக்கு எடுத்துப் போய் அடித்தீர்கள் என்றால் அங்கே காற்று அதிகம், பெட்ரோல் போதாது, இன்ஜின் சூடேறும். டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலோடு வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கு ஒரே பாதுகாப்பு, அதுவும் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கடித்துக்கொள்ளும். மேலும் கீழும் தோட்டம் வைத்திருப்பவர்கள் இரண்டு மெஷின் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் இடத்துக்கு ஏற்றபடி டியூனிங் பார்க்க வேண்டும்.

பேட்டரி மோட்டாருக்கு இந்தக் கதையே இல்லை. சேர்வராயன் கோவில் உச்சியில் ஓட்டினாலும் அதே பவர்தான்.

நான்காம் படி: டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா

டூ ஸ்ட்ரோக் விலை குறைவு, எடை குறைவு, எந்தக் கோணத்தில் பிடித்தாலும் ஓடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஆயில் கலக்க வேண்டும். 25க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. கண்ணால் பார்த்து மூடியில் ஊற்றுவது வேண்டாம், மருந்துக்கடையில் ஒரு சிரிஞ்ச் வாங்கி வையுங்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் தனி, ஆயில் தனி. ஹோண்டா ஜிஎக்ஸ் 35 இன்ஜினை எடுத்துக்கொண்டால் 35.8 சிசி, அதற்கு வேண்டிய ஆயில் வெறும் 100 மில்லி. ஒரு டம்ளர் கூட இல்லை. இதில் முப்பது மில்லி குறைந்தாலே இன்ஜினுக்குப் பெரிய குறைதான், அதனால் தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்க்கிற பழக்கம் இருந்தால் மட்டுமே ஃபோர் ஸ்ட்ரோக் நாள்பட உழைக்கும். முதல் ஆயில் மாற்றம் 10 மணி நேரத்தில், அப்புறம் 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை. இந்த வகைச் சின்ன இன்ஜின்களை எப்படிச் சாய்த்தாலும் ஓடும்படிதான் செய்திருக்கிறார்கள், சரிவுக்குப் பயமில்லை.

எஸ்டேட்டில் இன்ஜினைக் கொல்லும் முதல் எதிரி கலவைக் குழப்பம். டூ ஸ்ட்ரோக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்கும் ஒரே கொட்டகையில் இருக்கும், ஒரே மாதிரி வெள்ளைக் கேன் இரண்டு இருக்கும், புதிதாக வந்த ஆள் டூ ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோலை ஊற்றி இழுத்துவிடுவார். கொஞ்ச நேரம் சீறிக்கொண்டு நன்றாக ஓடும், அப்புறம் நின்றுவிடும், கயிற்றை இழுத்தால் வராது. கேனில் சிவப்பு பெயின்ட் அடித்து, மெஷின் டேங்க் மூடியிலும் அதே சிவப்பை அடித்து விடுங்கள். படிக்கத் தெரிகிறதோ இல்லையோ, நிறம் எல்லோருக்கும் தெரியும்.

ஐந்தாம் படி: கேனில் இருக்கும் பெட்ரோலை நம்பாதீர்கள்

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். தினமும் ஓடும் பைக்குக்கு இது பெரிய விஷயமில்லை, வாங்கின பெட்ரோல் வாரத்துக்குள் தீர்ந்துவிடும். புல்வெட்டிக்கு மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், ஏற்காட்டில் ஐப்பசி கார்த்திகையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும், சொல்லவே வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும்.

சந்தேகமாக இருந்தால் கேனில் இருந்து கொஞ்சத்தை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிரிந்திருந்தால் நடுவில் ஒரு கோடு தெரியும், மேலே ஆயிலின் நீலமோ பச்சையோ கலந்த பெட்ரோல், கீழே நிறமே இல்லாத ஒரு படலம். டேங்கில் பெட்ரோலை உறிஞ்சும் டியூபின் நுனியில் ஒரு கனமான ஃபில்டர் இருக்கும், அது அடியில்தான் போய்க் கிடக்கும். அதாவது இன்ஜின் முதலில் உறிஞ்சுவது ஆயில் இல்லாத அந்தக் கீழ்ப் படலத்தை. "ஆயில் சரியாத்தாங்க கலந்தேன், ஆனா பிஸ்டன் சீஸ் ஆயிடுச்சு" என்பவர்களில் சிலருடைய கதை இதுதான்.

செய்ய வேண்டியது சுலபம். ஒரு மாதத்துக்கு மேல் ஆன பெட்ரோலை மெஷினில் ஊற்றாதீர்கள், ஆயில் கலக்காததாக இருந்தால் மட்டும் பைக் டேங்கில் ஊற்றித் தீர்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மெஷின் சும்மா இருக்கப் போகிறது என்றால் டேங்கைக் காலி செய்து, பிரைமர் குமிழை (கார்புரேட்டருக்குப் பெட்ரோலை இழுத்துவிடும் சின்ன ரப்பர் குமிழ்) அழுத்தி அழுத்தி டியூபில் இருப்பதையும் வெளியேற்றி, ஸ்டார்ட் செய்து தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தாள் விறைத்துப் போவதும், பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டில் பிசின் பிடிப்பதும் இதைச் செய்யாததால்தான். இந்த ஒரு பழக்கம் இருந்தால் கார்புரேட்டர் வருடக்கணக்கில் கம்மென்று இருக்கும்.

இதெல்லாம் தன்னால் முடியாது என்று இப்போதே தெரிந்தால் பெட்ரோல் வாங்காதீர்கள். சேலத்தில் இருந்துகொண்டு ஏற்காட்டில் வீடு கட்டி இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பவர்களுக்குப் பேட்டரிதான் சரி, வேறு யோசனையே வேண்டாம்.

ஆறாம் படி: பேட்டரி டப்பாவில் எழுதியிருப்பதைப் பிரித்துப் பாருங்கள்

வோல்ட் என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கினால் வரும் வாட்-அவர்தான் உண்மையான சரக்கு. 36 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால் 180 வாட்-அவர். ஒரே பேட்டரியை ஒரு கம்பெனி 36 வோல்ட் என்றும் இன்னொரு கம்பெனி 40 வோல்ட் என்றும் எழுதும். உள்ளே பத்து செல், ஒவ்வொன்றும் சராசரியாக 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4 வோல்ட்டுக்கு மேல், அவ்வளவுதான். 18க்கும் 20க்கும் இருக்கும் வித்தியாசமும் இதே கதை.

ஆன்லைனில் மூவாயிரம் ரூபாய்க்குள் வரும் கையடக்கப் புல்வெட்டிகளில் 48, 88 என்று ஒரு எண்ணைப் போட்டுப் பக்கத்தில் ஏதோ இரண்டு எழுத்தையும் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். பேட்டரியை ஒரு முறை கையில் தூக்கிப் பாருங்கள், எடையே இருக்காது. பிரித்தால் விரல் அளவு செல் ஐந்துதான் இருக்கும், மொத்தம் 18 வோல்ட், 30 வாட்-அவர் தேறினால் பெரிசு. ரோஜாத் தொட்டியைச் சுற்றி நாலு புல்லை வெட்ட அது போதும். அதை எஸ்டேட்டுக்கு வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

சரி, 180 வாட்-அவர் எவ்வளவு நேரம் வரும்? நைலான் கயிறு மாட்டி மெல்லிய புல்லை அடித்தால் மோட்டார் 300 வாட் இழுக்கும், அரை மணி நேரம் கிடைக்கும். இடுப்பு உயரப் புதரில் பிளேடு மாட்டி அடித்தால் 700 வாட்டைத் தொடும், கால் மணி நேரத்தில் காலி. ஒரு லிட்டர் பெட்ரோல், சின்ன இன்ஜினின் வீணடிப்பெல்லாம் போக, பிளேடில் கொடுக்கும் வேலை ஏழெட்டு 180 வாட்-அவர் பேட்டரிக்குச் சமம். ஆள் ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் அடிக்கிறார் என்றால் பத்துக்கு மேல் பேட்டரி வேண்டும், அல்லது முதுகில் மாட்டும் பெரிய பேட்டரி வேண்டும், அதன் விலைக்கு நல்ல பெட்ரோல் மெஷினே வாங்கிவிடலாம். கொட்டச்சேடு, நாகலூர் பக்கம் மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பார்த்தால் பேட்டரி பக்கம்தான் தட்டு தாழும். ஒரு சார்ஜுக்குக் கால் யூனிட் கரண்ட் கூட ஆகாது. ஆனால் அந்த மிச்சம் பேட்டரி மாற்றும் நாளில் மொத்தமாகக் கையை விட்டுப் போகும், அதனால் "சும்மா ஓடுது" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

ஏழாம் படி: பேட்டரி வாங்கினால் வெயிலில் இருந்து காப்பாற்றுங்கள்

லித்தியம் பேட்டரிக்கு வெயில் ஒரு எதிரி, முழுச் சார்ஜில் சும்மா வைப்பது இன்னொரு எதிரி, இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பரவலாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. 25 டிகிரியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான சார்ஜில் ஒரு வருடம் வைத்தால் கொள்ளளவு நாலு சதவீதம் போல்தான் குறையும், அதையே 40 டிகிரியில் முழுச் சார்ஜில் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சேலத்தில் ஏப்ரல், மே மாதம் தகரக் கொட்டகைக்குள் மதியம் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கார் டிக்கியும் அதே ரகம்தான்.

மெஷின் கொட்டகையில் இருக்கட்டும், பேட்டரியை மட்டும் கழற்றி வீட்டுக்குள், காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். பாதிச் சார்ஜில் வையுங்கள். வெட்டி முடித்ததும் கொதிக்கக் கொதிக்கச் சார்ஜரில் செருகாதீர்கள், கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். சுத்தமாகக் காலியான பேட்டரியை மூன்று மாதம் மறந்துவிட்டால் செல் அடிமட்டத்துக்கும் கீழே இறங்கி, உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு பூட்டிக்கொள்ளும், சார்ஜரில் போட்டால் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும், அதோடு சரி. ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு வெயில் கவலை இல்லை, ஈரம்தான். பேட்டரி உட்காரும் இடத்தில் இருக்கும் பித்தளை நாக்குகளில் பச்சை பிடிக்கிறதா என்று அவ்வப்போது பார்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள்.

எட்டாம் படி: சக்கரம் வைத்த லான் மூவர் என்றால்

மலையில் இதற்கு வேலை குறைவு, ரிசார்ட்காரர்களும் பெரிய பங்களாக்காரர்களும் வாங்குவார்கள். கவனிக்க வேண்டியது சரிவு. பெட்ரோல் லான் மூவர்களில் நிறைய இன்ஜின்கள் அடியில் இருக்கும் ஆயிலை வாரி இறைத்துத்தான் ஓடுகின்றன, 15, 20 டிகிரிக்கு மேல் சாய்த்து ஓட்டிக்கொண்டே இருந்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி மேலே வறண்டுவிடும். பிரஷ் கட்டர் இன்ஜினை எப்படியும் சாய்க்கலாம் என்று சொன்னேன் இல்லையா, அது இதற்குப் பொருந்தாது. படிப்படியாக வெட்டி இறக்கின ஏற்காட்டு லானுக்கு பேட்டரி மூவரே நல்லது. மழை ஈரத்தோடு வெட்டினால் அடித்தட்டில் புல் கூழாக ஒட்டிக்கொண்டு இரும்பைத் தின்னும், அதைச் சுரண்டாமல் வைத்தால் இன்ஜின் நன்றாக இருக்கும்போதே தட்டு ஓட்டையாகிவிடும். பெட்ரோல் மூவரைச் சுரண்டச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்கட்டும், இல்லையென்றால் ஃபில்டர் ஆயிலில் குளித்துவிடும்.

ஒன்பதாம் படி: கடையில் கேட்க வேண்டியது

கார்புரேட்டர், கிளட்ச், கியர் ஹெட் மூன்றையும் இப்போதே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "ஆர்டர் போட்டா வந்துடுங்க" என்றால் கோயம்புத்தூரில் இருந்து எப்போது வரும் என்று கேளுங்கள். பேட்டரி மெஷின் என்றால் தனிப் பேட்டரி விலை, பேட்டரிக்கு மட்டும் எத்தனை மாத வாரண்டி, தோட்டத்திலும் ரிசார்ட்டிலும் ஓட்டினால் அந்த வாரண்டி செல்லுமா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டு உபயோகத்துக்கு ஒரு காலம், வியாபார உபயோகத்துக்கு அதைவிடக் குறைந்த காலம் என்பது பல கம்பெனிகளில் வழக்கம்.

விவசாயிகள் வாங்குவதற்கு முன்னால் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் கேட்டுவிடுங்கள். இயந்திரமயமாக்கல் திட்டத்தில் விலையில் ஒரு பங்கை உச்சவரம்போடு தருகிறார்கள், சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு அது மற்றவர்களைவிடக் கூடுதல். எந்த மாடல் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், வாங்கிவிட்டுப் பில்லோடு போனால் பிரயோஜனமில்லை.

பத்தாம் படி: வாங்கின பிறகு

பராமரிப்பில் நாலு விஷயம் மட்டும் சொல்கிறேன், மீதி கையேட்டில் இருக்கிறது. கியர் ஹெட்டுக்கு 20, 30 மணி நேரத்துக்கு ஒரு தடவை கிரீஸ், பெட்ரோலுக்கும் கியர் ஹெட் உள்ள பேட்டரி மெஷினுக்கும் இது பொது, பேட்டரிக்காரர்கள்தான் மறந்துபோவார்கள். ஏர் ஃபில்டர் பஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து ஒரு சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள், சேலத்துச் செம்மண் புழுதியில் வேலை செய்தால் தினமும் தட்டிவிட்டாவது போடுங்கள். பிளேடு நட் இடது பக்க மரை, கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் சுத்தியலால் அடித்துக் கியர் ஹெட்டை உடைப்பவர்கள் ஏராளம். நாலாவது, ஆக்சிலேட்டரைப் பாதியில் பிடித்துக்கொண்டு புதரை அடிக்காதீர்கள். கிளட்ச் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் சறுக்கி எரியும், கருகிய வாசனை வந்தால் அதுதான். முழு வேகத்தில் அடியுங்கள், நகரும்போது விட்டுவிடுங்கள்.

நைலான் கயிறு படக் படக்கென்று ஒடிகிறதா? வெயிலில் காய்ந்து போயிருக்கும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து மாட்டிப் பாருங்கள், மறுபடியும் வளைந்து கொடுக்கும்.

புதுசு வாங்கக் காசு இல்லை, பழைய மெஷின் பார்க்கிறீர்கள் என்றால் பேட்டரி வேண்டவே வேண்டாம், பேட்டரிக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. பெட்ரோல் பார்க்கலாம். கயிற்றை மெதுவாக இழுக்கும்போது கை ஒரு இடத்தில் திணற வேண்டும், வெண்ணெயில் கத்தி போல வந்தால் கம்ப்ரஷன் போய்விட்டது. பிளேடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்றால் கியர் ஹெட் பேரிங் போச்சு. முக்கியமாக, நீங்கள் போய்ச் சேரும்போதே விற்பவர் அதை ஓட்டிச் சூடாக வைத்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, இன்ஜின் நன்றாக ஆறினதும் வந்து உங்கள் கையால் கயிற்றை இழுங்கள்.